8,75,39,319: ஒரு பெரிய எண்ணை முழுதாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

டிசம்பர் 22 வந்தால் பள்ளிகளில் 1729 சார்ட் ஒட்டுவார்கள். ராமானுஜன் பிறந்த நாள், தேசியக் கணித நாள். இரண்டு மிகை முழு எண்களின் கனங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என்பது இப்போது பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், "எல்லாரும் ஒட்டுற சார்ட்டையே நானும் ஒட்ட மாட்டேன்ப்பா, அதுக்கு அடுத்தது என்ன?" என்று கேட்டாள்.

அடுத்தது 8,75,39,319. அப்படி மூன்று விதமாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண் இது. 1957இல் ஜான் லீச் என்பவர் கண்டுபிடித்த எண். வண்ணப் பேனாவில் எழுதி ஒட்டிவிட்டோம். பார்வையிட வந்த ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாலாவது விதம் இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" மகள் என்னைப் பார்த்தாள். நான் சார்ட்டைப் பார்த்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கும். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நெடுவகுத்தல் தெரிந்தால் போதும், வேறு தகுதி தேவையில்லை.

1. கையில் இருக்க வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு ஒன்று. கோடு போட்ட நோட்டு வேண்டாம். இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்காவிட்டால் நெடுவகுத்தலில் தப்பு வருவது நிச்சயம். 100 வரையிலான பகா எண்கள், மொத்தம் 25, ஒரு துண்டுத்தாளில். இந்த எண்ணுக்கு அதில் 67 வரைதான் தேவைப்படும், ஆனால் அது முன்கூட்டியே தெரியாதல்லவா?

கால்குலேட்டர் வேண்டுமானால் 12 இலக்கம் காட்டும் மேசைக் கால்குலேட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். 8 இலக்கச் சிறு கால்குலேட்டர் இங்கே ஏமாற்றும். எண் அதில் அடங்கிவிடும், அதனால் சந்தேகம் வராது. காரணிகளின் கூடுதல் 9 இலக்கம். அந்த இடத்தில் திரையில் பிழைக்குறி வந்து நிற்கும். வீட்டில் கணினி இருந்தால் பாரி/ஜிபி என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் அதை முதலில் தொடாதீர்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மொத்தச் செலவு, கால்குலேட்டர் ஏற்கெனவே இருந்தால், ஒரு நோட்டின் விலை. நேரம், முதல் தடவை மூன்று மணி.

2. எண்ணை இரண்டு விதமாக எழுதிக்கொள்ளுங்கள்

நம் வழக்கப்படி 8,75,39,319. எட்டுக் கோடியே எழுபத்தைந்து லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்தொன்பது. இது வாயால் சொல்ல. கணக்குப் போட மூன்று மூன்று இலக்கமாக: 87 | 539 | 319. அடுத்த படியில் வரும் குறுக்குவழி மூவிலக்கப் பிரிப்பில்தான் வேலை செய்யும். நான் கோடி, லட்சக் காற்புள்ளிகளை வைத்துக்கொண்டு அதே குறுக்குவழியைப் போட்டுப் பார்த்து, எந்தக் காரணியும் கிடைக்காமல் முழித்தேன்.

எண்ணை விரிதாளில் ஏற்றி வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வழக்கமான விரிதாள்கள் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். நம் எண்ணுக்கு 8 இலக்கம், பயமில்லை. ஆனால் ஐந்து விதமாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண் 48988659276962496. பதினேழு இலக்கம். ஆர்வக்கோளாறில் அதையும் ஏற்றினேன். கடைசி 96 காணாமல் போய் 00 என்று உட்கார்ந்திருந்தது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அது தெரியாமல் அந்தப் போலி எண்ணை வகுத்துக்கொண்டிருந்த நேரம்தான் என் முதல் ஞாயிற்றுக்கிழமையில் பாதி.

3. ஒரு கூட்டல், ஒரு கழித்தல்

வகுக்க ஆரம்பிக்கும் முன் இரண்டு சின்னக் கணக்குகள். ஐந்து நிமிடம் ஆகும், ஐந்து பகா எண்களுக்கு விடை சொல்லிவிடும்.

முதலில் மூன்று துண்டுகளையும் கூட்டுங்கள்: 87 + 539 + 319 = 945. 999 என்பது 27 × 37. அதனால் இந்தக் கூடுதல் 27ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும், 37ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும். 945 = 27 × 35. ஆக, 27 உண்டு. 945ஐ 37ஆல் வகுத்தால் மீதி 20, ஆக 37 இல்லை.

அடுத்து, வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழியுங்கள்: 319 − 539 + 87 = −133. 1001 என்பது 7 × 11 × 13. 133 ஆனது 7ஆல் வகுபடுகிறது, 11ஆலும் 13ஆலும் வகுபடவில்லை. ஆக, 7 உண்டு, 11 இல்லை, 13 இல்லை.

இங்கே நான் விழுந்த குழி ஒன்று உண்டு. 133 = 7 × 19 என்று பார்த்ததும் 19உம் காரணிதான் என்று துள்ளிக் குதித்து எழுதிவிட்டேன். தவறு. இந்தக் கழித்தல் 1001இன் காரணிகளான 7, 11, 13 மூன்றுக்கு மட்டுமே சாட்சி சொல்லும். அதேபோல 945 ஆனது 5ஆல் வகுபடுகிறதே என்று 5ஐச் சேர்த்துவிடாதீர்கள். எண் 9இல் முடிகிறது, 5 எங்கிருந்து வரும்?

இன்னொரு குழி இலக்கக் கூடுதல். 8+7+5+3+9+3+1+9 = 45. இது 9ஆல் வகுபடுவதால் எண்ணும் 9ஆல் வகுபடும். ஆனால் 45 ஆனது 27ஆல் வகுபடவில்லை, எனவே எண்ணும் 27ஆல் வகுபடாது என்று முடிவு கட்டக் கூடாது. இலக்கக் கூடுதல் 3க்கும் 9க்கும் மட்டும்தான் செல்லும். 27க்கு மூவிலக்கக் கூடுதல்தான்.

4. வகுத்துக்கொண்டே போங்கள், ஆனால் ஈவை வைத்து

வீடு வாங்கும்போது மூலப்பத்திரம் எப்படியோ, எண்ணுக்குப் பகாக் காரணிகள் அப்படி. அது கைக்கு வரும்வரை சார்ட்டில் வேறு எதையும் எழுதாதீர்கள். பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்துதான் பிறக்கின்றன.

எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்? எண்ணின் வர்க்கமூலம் வரை. 9356² = 8,75,34,736. அடுத்த வர்க்கம் நம் எண்ணைத் தாண்டிவிடும். ஆக, 9356 வரையிலான பகா எண்கள். 10,000க்குள் மட்டும் 1229 பகா எண்கள் இருக்கின்றன. இதைப் படித்ததும் நோட்டை மூடத் தோன்றும். மூடாதீர்கள். ஒவ்வொரு காரணி கிடைத்ததும் அதை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஈவுக்குப் புதிய வர்க்கமூலம் பாருங்கள். எல்லை எப்படிச் சரிகிறது என்று கவனியுங்கள்:

27ஐ எடுத்தால் 32,42,197. எல்லை 1800.
7ஐ எடுத்தால் 4,63,171. எல்லை 680.
31ஐ எடுத்தால் 14,941. எல்லை 122.

நான் முதல் தடவை இதைச் செய்யவில்லை. ஒவ்வொரு பகா எண்ணாலும் அந்த எட்டுக் கோடியை முழுசாக வகுத்துக்கொண்டிருந்தேன், மாலை ஆறு மணிக்குக் கை வலித்தது.

32,42,197இன் இலக்கக் கூடுதல் 28. எனவே 3 இனி இல்லை. 4,63,171ஐ மறுபடி 7ஆல் வகுத்தால் மீதி 2, எனவே 7உம் முடிந்தது. கிடைத்த காரணியையே இன்னொரு முறை வைத்து வகுத்துப் பார்ப்பதை மறக்கவே கூடாது. பலரும் 9ஐ எடுத்துவிட்டு 3 முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

11, 13 ஏற்கெனவே போய்விட்டன. 4,63,171ஐ வகுக்கும்போது வரும் மீதிகள்: 17க்கு 6, 19க்கு 8, 23க்கு 20, 29க்கு 12, 31க்கு 0. ஈவு 14,941.

14,941க்கு: மறுபடி 31, மீதி 30. 37 முன்பே போய்விட்டது. 41க்கு 17, 43க்கு 20, 47க்கு 42, 53க்கு 48, 59க்கு 14, 61க்கு 57, 67க்கு 0. ஈவு 223.

223 பகா எண்ணா என்று தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. அதன் வர்க்கமூலம் 15க்கும் கீழே. 15க்குள் இருக்கும் பகா எண்கள் எதுவும் மிச்சத்தில் இல்லை என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

8,75,39,319 = 3³ × 7 × 31 × 67 × 223

27, 7 இரண்டையும் சேர்த்து மொத்தம் பதினாறு நெடுவகுத்தல்கள். நிதானமாகப் போட்டால் முக்கால் மணி நேரம். மீதிகளை அழிக்காதீர்கள், யாராவது கேட்டால் அவைதான் அத்தாட்சி.

5. காரணிகளை வைத்து வரும் கணக்குகள்

எத்தனை காரணிகள்? ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 2 × 2 × 2 × 2 = 64. இவற்றை ஒரு கட்டத்தில் எழுதிவைக்கச் சொல்வேன். மேலே நான்கு பத்திகள்: 1, 3, 9, 27. இடப்பக்கம் 7, 31, 67, 223 நான்கையும் விதவிதமாகச் சேர்த்துப் பெருக்கிய 16 வரிசைகள். நிரப்ப இருபது நிமிடம் ஆகும். ஏழாம் படியில் இந்தக் கட்டம்தான் நம்மைக் காப்பாற்றப்போகிறது.

காரணிகளின் கூடுதல்: 40 × 8 × 32 × 68 × 224 = 15,59,75,680. இதில் 40 என்பது 1 + 3 + 9 + 27. என் மகள் அதற்குப் பதில் (1+3)³ என்று 64 போட்டாள். காரணிகளின் எண்ணிக்கையும் 64 என்பதால் அது சரியாகத்தான் இருக்கும் என்று இருவரும் நம்பிவிட்டோம். அடுக்கு இருக்கும் பகா எண்ணுக்கு வரிசையாகக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

கூடுதலில் எண்ணும் சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் 6,84,36,361. இது எண்ணைவிடக் குறைவு, ஆகையால் இது குறைவெண். 6, 28 போலச் சரியாகச் சமமாக வந்திருந்தால் செவ்விய எண் ஆகியிருக்கும். கழிக்க மறந்து "மிகையெண்" (எண்ணைவிட அதிகமாக வருவது) என்று எழுதிய சார்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். கழிக்காவிட்டால் 1க்கு மேற்பட்ட எல்லா எண்ணும் மிகையெண்தான்.

எண்ணுக்குள் அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பது ஆய்லரின் ஃபை: 18 × 6 × 30 × 66 × 222 = 4,74,72,480. 27க்கு உரியது 18, ஏனென்றால் 27இல் மூன்றில் ஒரு பங்கு போகிறது. 2³ என்று 8 போட்டுவிடாதீர்கள். முந்தைய தவறின் தம்பி இது.

இருநிலையில் (0, 1 இரண்டை மட்டும் வைத்து) எழுதினால் 101 0011 0111 1011 1110 0111 0111. இருபத்தேழு இலக்கம், அதில் பத்தொன்பது 1கள். சார்ட்டில் இடமிருந்தால் போடுங்கள்.

6. வர்க்கங்களின் கூடுதலா?

கனத்துக்குப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 319. அதை 8ஆல் வகுத்தால் மீதி 7. எனவே முழு எண்ணுக்கும் மீதி 7தான். இருநிலை வடிவம் 111 என்று முடிவதும் இதையேதான் சொல்கிறது.

எந்த வர்க்கத்தையும் 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மூன்றில் ஒன்றுதான். இவற்றில் எந்த மூன்றை எடுத்துக் கூட்டினாலும் 7 மீதி வராது, போட்டுப் பாருங்கள். ஆக, இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களாகவும் எழுத முடியாது, மூன்றாகவும் முடியாது. நான்கு வேண்டும். நான்கு இருந்தால் எந்த எண்ணுக்கும் போதும் என்பது லக்ராஞ்சின் தேற்றம்.

அந்த நான்கைக் கண்டுபிடிக்கும்போது பெரியதிலிருந்து தொடங்குவது இயல்பு. 9356²ஐக் கழித்தால் 4583 மிச்சம். அதை மூன்று வர்க்கங்களாகப் பிரிக்க ஒரு மாலை முழுக்க முயன்றேன். நடக்கவே நடக்காது. 4583ஐ 8ஆல் வகுத்தாலும் மீதி 7தான்! ஒன்று இறங்கி 9355இலிருந்து தொடங்குங்கள்:

9355² + 151² + 22² + 3² = 8,75,39,319

இது ஒரே வழி அல்ல. "இப்படி எழுதலாம்" என்று மட்டும் போடுங்கள்.

7. கனங்கள்: நாலாவது விதம் இல்லை என்று காட்டுவது

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

ஒன்பதாம் வகுப்பு வாய்பாடுதான்: a³ + b³ = (a + b)(a² − ab + b²). இதைப் பாடத்தில் மார்க் வாங்குவதற்காகப் படித்தோம், இங்கே அது வேலைக்கு வருகிறது. இரண்டு கனங்களின் கூடுதல் நம் எண் என்றால், a + b நம் எண்ணின் காரணியாக இருந்தே தீர வேண்டும். காரணிகள் மொத்தம் 64தான். கட்டம் கையில் இருக்கிறது.

64ஐயும் பார்க்க வேண்டுமா? வேண்டாம். a + b ஐ s என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மிகை முழு எண்களாக இருக்கும்போது s³ நம் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும், அதன் நான்கு மடங்கைத் தாண்டாது. 444³ = 8,75,28,384. நம் எண்ணுக்கு வெறும் 10,935தான் குறைவு. 1729க்கு 12³ எப்படி ஒன்றில் தவறியதோ, கிட்டத்தட்ட அந்த மாதிரி. நான்கு மடங்கு 35,01,57,276. 704³ அதற்குள் அடங்கும், 705³ தாண்டிவிடும். ஆக, s ஆனது 445க்கும் 704க்கும் இடையில்.

கட்டத்தில் அந்த இடைவெளிக்குள் விழும் காரணிகளை வட்டமிடுங்கள். நான்கே நான்கு: 469, 603, 651, 669.

இனி ஒவ்வொன்றுக்கும் ஒரே கணக்கு. எண்ணை sஆல் வகுங்கள். அதை s²இலிருந்து கழியுங்கள். வந்ததை 3ஆல் வகுத்தால் ab. கூடுதலும் பெருக்கலும் தெரிந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பது உங்களுக்குத் தெரியும்: s² − 4ab முழு வர்க்கமாக இருக்க வேண்டும், அதன் மூலம்தான் a, b இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

603ஐ முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். 8,75,39,319 ÷ 603 = 1,45,173. 603² = 3,63,609. வித்தியாசம் 2,18,436. மூன்றில் ஒரு பங்கு 72,812. அதன் நான்கு மடங்கு 2,91,248. 3,63,609இலிருந்து கழித்தால் 72,361. இது 269². ஆக, இரண்டு எண்களின் கூடுதல் 603, வித்தியாசம் 269: 167, 436.

651க்கு: ab = 96,444, வித்தியாசம் 195. எண்கள் 228, 423.

669க்கு: ab = 1,05,570, வித்தியாசம் 159. எண்கள் 255, 414.

469க்கு: 8,75,39,319 ÷ 469 = 1,86,651. 469² = 2,19,961. வித்தியாசம் 33,310. இதன் இலக்கக் கூடுதல் 10. மூன்றால் வகுபடவில்லை. கதை முடிந்தது.

வந்த மூன்றையும் கனப்படுத்திக் கூட்டிப் பாருங்கள்:

167³ + 436³ = 46,57,463 + 8,28,81,856
228³ + 423³ = 1,18,52,352 + 7,56,86,967
255³ + 414³ = 1,65,81,375 + 7,09,57,944

மூன்றும் 8,75,39,319. வேறு s கிடையாது, எனவே வேறு விதமும் கிடையாது. ஆசிரியரின் கேள்விக்கு அரைப் பக்கத்தில் பதில். கட்டம் தயாராக இருந்தால் இந்தப் படிக்கு ஒரு மணி நேரம் தாராளம்.

இங்கே இரண்டு இடங்களில் வார்த்தையில் கவனம் வேண்டும்.

ஒன்று, "மிகை முழு எண்களின் கனங்கள்" என்று எழுதாமல் "கனங்கள்" என்று மட்டும் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். குறை எண்களையும் (−1, −10 போன்றவை) அனுமதித்தால் 728 என்ற சின்ன எண்ணே மூன்று விதமாக வரும்: 6³ + 8³, 9³ − 1³, 12³ − 10³. விவரம் தெரிந்த யாராவது இதைச் சொல்லி மடக்குவார்கள்.

இரண்டு, "மிகச்சிறிய எண்" என்ற சொல். மூன்று விதம்தான் உண்டு என்பதை நாம் கையால் காட்டிவிட்டோம். இதற்குக் கீழே அப்படி ஒரு எண் இல்லை என்பதை மேலே உள்ள எந்தப் படியும் காட்டவில்லை. அதற்கு 1 முதல் 444 வரையிலான எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கனங்களைக் கூட்டி, எந்தக் கூடுதல் மூன்று தடவை வருகிறது என்று பார்க்க வேண்டும். சோடிகள் 98,790. கையால் ஆகாது, கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம். பிள்ளைக்குப் பைத்தான் தெரிந்தால் பத்து வரி நிரல். செய்துவிட்டு "கணினியில் சரிபார்த்தோம்" என்று எழுதச் சொல்லுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

8. சரிபார்ப்பு

ஒன்பதைத் தள்ளிச் சரிபார்க்கும் பழைய முறை (9ஆல் வகுத்து வரும் மீதிகளை ஒப்பிடுவது) இங்கே உதவாது. எண்ணே 9ஆல் வகுபடுவதால் பல தவறுகள் அதில் தப்பிவிடும். 11ஐ வைத்துப் பாருங்கள். நம் எண்ணை 11ஆல் வகுத்தால் மீதி 10. 167க்கு மீதி 2, அதன் கனம் 8. 436க்கு மீதி 7, அதன் கனம் 343, மீதி 2. கூட்டினால் 10. சரி. மற்ற இரண்டு சோடிகளையும் நீங்களே போட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 வர வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு பாரி/ஜிபியைத் திறந்து எண்ணைக் கொடுங்கள். லினக்ஸ் கணினியாக இருந்தால் அதுவும் வேண்டாம், ஃபாக்டர் என்ற கட்டளை பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். முதலிலேயே திறந்தால் விடை வரும், மீதிகள் வராது. எங்கள் முதல் சார்ட்டின் கதை அதுதான்: விடை இருந்தது, நிற்கக் கால் இல்லை. முழு எண் வரிசைகளின் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏ011541 என்ற வரிசையைத் தேடினால் 2, 1729, 8,75,39,319 என்று இந்தக் குடும்பம் முழுக்கக் கிடைக்கும். இலவசம், பதிவு செய்யவும் தேவையில்லை.

9. இதைவிடப் பெரிய எண் கிடைத்தால்

நான்கு விதமாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண் 6963472309248. பதின்மூன்று இலக்கம். கையால் காரணிப்படுத்தலாம், ஏனென்றால் இரட்டை எண், 2ஆல் வகுக்க வகுக்கச் சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் தற்செயலாக எடுத்த ஒரு பதின்மூன்று இலக்க எண்ணுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்காது. அது பகா எண்ணாகவே இருந்தால் லட்சக்கணக்கான வகுத்தல்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அதனால் பெரிய எண்ணுக்கு முதலில் பகா எண்ணா என்று மட்டும் சோதியுங்கள். ஃபெர்மாவின் சோதனை (n பகா எண் என்றால் 2ⁿ − 2 ஆனது nஆல் வகுபட வேண்டும், 2க்குப் பதில் வேறு எண்ணையும் வைக்கலாம்) எளிது, ஆனால் 341 (11 × 31) போன்ற பகு எண்கள் 2ஐ வைத்துச் சோதித்தால் பகா எண் வேடம் போட்டுத் தப்பிவிடும். 561 (3 × 11 × 17) தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் தப்பிவிடும். அதையே இன்னும் கடுமையாக்கிய மில்லர்-ராபின் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 2, 3, 5, 7 நான்கையும் வைத்துச் செய்தால் 321 கோடி வரை ஏமாற்றாது. அதற்கு மேல் போனால் மென்பொருளே போதும்.

எதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த 250 இலக்க எண் ஒன்றை 2020இல் காரணிப்படுத்தினார்கள். கணினிச் செயலியின் ஒரே ஒரு உள்ளகத்தை (கோர்) வைத்துச் செய்திருந்தால் ஏறத்தாழ 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கு. வங்கிப் பரிமாற்றத்தைக் காக்கும் பூட்டுகளில் ஒரு வகை இந்தச் சிரமத்தை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே சார்ட்டுக்கு எண் தேர்ந்தெடுக்கும்போது ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், எட்டு முதல் பத்து இலக்கம் போதும்.

10. சார்ட்டில் என்ன எழுதுவது

நடுவில் எண். அதன் கீழே பகாக் காரணிகள், பெரிய எழுத்தில். இடப்பக்கம் 64, 15,59,75,680, 4,74,72,480. வலப்பக்கம் மூன்று கனச் சோடிகளும் அவற்றின் கூடுதல்களான 603, 651, 669உம். நான்கு வர்க்கங்கள் ஓரத்தில். பதினாறு வகுத்தல்களும் இருக்கும் நோட்டைச் சார்ட்டுக்குக் கீழே மேசையில் திறந்து வையுங்கள்.

அப்புறம் 469க்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். "33,310 மூன்றால் வகுபடாது" என்று எழுதினால் போதும். மகள் இந்தத் தடவை அதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள். யார் வந்து நாலாவது விதத்தைக் கேட்டாலும் விரலை அங்கே வைத்துவிடலாம்.